‘இன்னும்’ என்று சொல்வதை எப்போது நிறுத்துவோம்?

சென்ற ஞாயிற்றுக்கிழமை, மே 11, அன்னையர் தினம். மும்பையில் நான் தங்கியிருக்கும் என் சித்தியோடு அவருடைய தமிழ்ச் சபைக்குப் போயிருந்தேன். செய்தி முடிந்ததும் தாய்மார்கள் அனைவரும் எழுந்து நிற்கும்படி அழைக்கப்பட்டார்கள். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் வாளி நிறைய ரோஜாக்களோடு வரிசைவரிசையாக வந்து கொடுத்தார்கள். எங்கள் வரிசைக்கு வந்த சிறுவனுக்கு ஆறு வயது இருக்கும். உட்கார்ந்திருந்த சித்தியைப் பார்த்துக் குழம்பிப்போய், “ஆன்ட்டி, நீங்க அம்மாவா?” என்று கேட்டான். “இல்லடா ராஜா, பின்னாடி வரிசைக்குக் கொடு” என்று சித்தி சிரித்தபடியே சொன்னார்.

அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். கர்ப்பத்தின் கனிக்காகக் காத்திருக்கும் சகோதரிகள் முன்னால் வரலாம் என்று போதகர் அடுத்து அழைத்தார். மூன்று இளம்பெண்கள் போனார்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தைச் சேர்ந்த மூத்தவர் ஒருவர் முன்வரிசையிலிருந்து திரும்பிச் சித்தியைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். சித்தி எழுந்து போனார், முழங்காலிட்டார். தலைமேல் கைகளை வைத்து ஜெபித்தார்கள். சித்திக்கு வயது 48.

திரும்பும்போது ரயில் நிலைய நடைமேடையில் அவராகவே சொன்னார்: “எனக்கு நின்னு ரெண்டு வருஷம் ஆச்சு.” அவர் மாதவிடாயைச் சொல்கிறார் என்பது எனக்குச் சற்று நேரம் கழித்துத்தான் புரிந்தது. “அப்புறம் ஏன் போனீங்க, சித்தி?” என்று கேட்டேன். “போகலன்னா இவளுக்கு விசுவாசம் போயிடுச்சும்பாங்க. பதினெட்டு வருஷமா எனக்காக ஜெபிக்கிறவங்ககிட்ட, இனிமே வேண்டாம்னு எப்படிச் சொல்ல?”

அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். யாரையும் குறைசொல்வதற்காக அல்ல. அந்தச் சபையார் நல்லவர்கள். பெருந்தொற்றின்போது சித்தப்பா மருத்துவமனையில் இருந்த நாள்களில் முறைவைத்துச் சோறு கொண்டுவந்தவர்கள் அவர்கள்தாம். இவ்வளவு அன்புள்ள ஒரு கூட்டத்தின் நடுவில் ஒரு பெண் தன் உடலில் நடந்து முடிந்துவிட்ட ஒன்றை மறைத்துக்கொண்டு முழங்காலிட வேண்டியிருந்ததே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

மொழியியல் படித்தவள் என்பதால் என் மனம் சிறிய சொற்களையே சுற்றிவருகிறது. ‘பிள்ளை இல்லை’ என்பது ஒரு கூற்று. ‘இன்னும் பிள்ளை இல்லை’ என்பதோ அந்தக் கூற்றோடு ஓர் எதிர்பார்ப்பையும் கட்டிக்கொண்டு வருவது. வரவேண்டியது வரவில்லை, ஆனால் வரும் என்ற முன்முடிவு ‘இன்னும்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இருக்கிறது. கேட்பவர் அந்த முன்முடிவை மறுக்க வேண்டுமானால் உரையாடலையே நிறுத்தித்தான் மறுக்க முடியும். சித்திக்கு நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று வயதானபோது திருநெல்வேலிப் பக்கத்து உறவினர்கள் அந்தச் சொல்லை ஓசையின்றிக் கைவிட்டார்கள். “இன்னும் ஒண்ணும் இல்லையா?” என்ற கேள்வி கல்யாண வீடுகளில் ஒருநாள் வராமல் போயிற்று. விடுதலையாகத்தானே இருந்திருக்கும் என்று நினைத்தேன். “இல்ல. அன்னைக்குத்தான் வீட்டுக்கு வந்து அழுதேன்” என்றார் சித்தி. உறவினர்கள் அந்தச் சொல்லைச் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துக்கொண்டார்கள், சபை அதை இன்றளவும் விடவில்லை. இந்த இரண்டுக்கும் இடையில் என்ன முடிந்துபோனதென்று அவரோடு உட்கார்ந்து பேச ஒருவரும் இல்லை.

நம் சபைகளில் சாட்சி சொல்லும் முறைக்கு ஓர் இலக்கணம் உண்டு. முதலில் ஆண்டுகளின் எண்ணிக்கை, அடுத்து மருத்துவர் கைவிரித்தது, அதன்பின் உபவாசமோ ஒரு வசனமோ, கடைசியில் ஒலிபெருக்கியின் முன் உயர்த்திப் பிடிக்கப்படும் குழந்தை. எண்ணிக்கை கூடக்கூடச் சாட்சியின் மகிமையும் கூடும். ஏழு ஆண்டைவிடப் பன்னிரண்டு பெரிது. இந்த இலக்கணத்தின்படி, காத்திருப்பு முடியாதவள் முடிவுறாத வாக்கியம். அவளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்பதல்ல, அவள் சொல்லக்கூடியதற்கு அந்த மேடையில் வடிவம் இல்லை. பதினெட்டு ஆண்டுகளில் சித்தி ஒருமுறைகூடச் சாட்சி சொன்னதில்லை. ஆனால் பெற்றுக்கொண்டவர்களின் சாட்சியில் அவர் பெயர் வந்திருக்கிறது: “அந்த அக்காவுக்கும் கர்த்தர் கொடுப்பார்.”

இந்த இலக்கணத்துக்கு வேதாகமம் பொறுப்பல்ல என்பதே என் வாதம்.

தமிழ் வேதாகமத்தில் ‘மலடி’ என்று நாம் வாசிக்கும் இடங்களில் எபிரேயத்தில் ‘அகாரா’ என்ற சொல் நிற்கிறது. வேரோடு பிடுங்குதல் என்ற வினைக்குரிய அதே மெய்யெழுத்துகள். சாராள், ரெபெக்காள், ராகேல், மனோவாவின் மனைவி ஆகிய நால்வருக்கும் இச்சொல் வருகிறது. இதற்கு ஆண்பால் வடிவமும் உண்டு. உபாகமம் ஏழாம் அதிகாரத்தில் ஆண்பாலும் பெண்பாலும் அடுத்தடுத்து வருகின்றன. தமிழிலும் ‘மலடன்’ என்ற சொல் இருக்கத்தான் செய்கிறது. யாரேனும் வாயால் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? சித்திக்கு முதல் இரண்டு ஆண்டுகளிலேயே எல்லாப் பரிசோதனைகளும் முடிந்துவிட்டன. சித்தப்பாவின் முதல் பரிசோதனை நடந்தது ஏழாம் ஆண்டில். முன்னால் வந்து முழங்காலிடும்படி அவரை ஒருவரும் அழைத்ததில்லை.

அந்தக் கதைகளில் எதற்காகக் குழந்தை பிறக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஈசாக்கு, யாக்கோபு, யோசேப்பு, சிம்சோன், சாமுவேல், யோவான் ஸ்நானகன் என்று ஒரு மக்களினத்தின் வரலாற்றில் இன்னார் எப்படி வந்தார் என்று சொல்வதற்காக எழுதப்பட்டவை அவை. பிள்ளையில்லாத ஒவ்வொரு பெண்ணும் கடைசியில் பெறுவாள் என்ற பொதுவிதியை அவற்றில் எந்தக் கதையும் அறிவிக்கவில்லை. ராகேல் தன் இரண்டாம் பிள்ளையைப் பெறும்போது இறந்துபோனாள். அன்னாள் பால்மறந்த மகனைச் சீலோவில் விட்டுவிட்டு வந்து, ஆண்டுக்கொரு முறை சின்னச் சட்டை ஒன்று தைத்துக்கொண்டுபோய்ப் பார்த்தாள். பிள்ளை வரம் கேட்கும் கூட்டங்களில் இந்தப் பகுதிகளை வாசித்து நான் கேட்டதே இல்லை.

அன்னாளின் கதையிலேயே நம் சபைக்கான கண்ணாடி இருக்கிறது. அவள் உதடுகள் மட்டும் அசைய அழுது ஜெபிப்பதைப் பார்த்த ஆசாரியன் ஏலி அவளைக் குடிவெறியில் இருப்பவள் என்று நினைத்துக் கடிந்துகொள்கிறான். ஆலயத்தின் தலைவனுக்குத் துக்கத்தை அடையாளம் காணத் தெரியவில்லை. அவள் விளக்கியபின் தன் தவற்றை விட்டு ஆசீர்வதிக்கிறான். அப்போதும் அவள் என்ன கேட்டாள் என்று அவன் விசாரிக்கவில்லை. அவள் எழுந்துபோய்ச் சாப்பிடுகிறாள், முகவாட்டம் நீங்குகிறது. கவனியுங்கள், இது கருவுறுவதற்கு முன்பு. ஒருவர் தன்னைக் கேட்டார் என்பதே அவளுக்கு அந்த நேரத்துக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தவள் சூனேமியாள். 2 இராஜாக்கள் நான்காம் அதிகாரம். வசதியுள்ளவள், எலிசாவுக்கு அறை கட்டிக்கொடுத்தவள். உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டதற்கு ஒன்றும் வேண்டாம் என்றவள். மகன் பிறப்பான் என்று எலிசா சொன்னவுடன், தன்னிடம் பொய் சொல்ல வேண்டாம் என்று அவள் மன்றாடுகிறாள். நம்பிக்கை எவ்வளவு வலிக்கும் என்று அறிந்திருந்த பெண் அவள். பின்னால் அந்தப் பிள்ளை இறந்து அவள் மலைக்கு ஓடிவரும்போதும், தான் மகனைக் கேட்டதில்லையே என்றுதான் தீர்க்கதரிசியின் காலைப் பிடிக்கிறாள். அவளை அவிசுவாசி என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. இன்று ஒரு சபையில் போதகரைப் பார்த்து “எனக்குப் பொய்யான நம்பிக்கை தராதீர்கள்” என்று ஒரு பெண் சொன்னால் என்ன பெயர் கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

சித்தியிடம் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறது. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டைகள் அத்தனையும் அதில் இருக்கின்றன. சங்கீதம் 113இன் கடைசி வசனம் மூன்று முறை வந்திருக்கிறது. ஏசாயா 54இன் முதல் வசனம் இரண்டு முறை. அந்த ஏசாயா வசனத்தில் பேசப்படும் பிள்ளைபெறாதவள் ஒரு நகரம். சிறையிருப்பில் மக்களை இழந்து வெறிச்சோடிப்போன எருசலேமைப் பெண்ணாக உருவகித்துத் தீர்க்கதரிசி பேசுகிறார். உருவகத்தை வெட்டியெடுத்து அட்டையில் அச்சிட்டு ஒரு தனிப்பெண்ணின் கையில் கொடுத்தால் அது உறுதிமொழி ஆகிவிடுகிறது. இரண்டு அதிகாரம் தள்ளி, 56இல், பிள்ளைபெறவே வழியில்லாத அண்ணகர்களிடம் கடவுள் பேசுகிறார். உனக்கும் பிள்ளை தருவேன் என்று அவர் சொல்வதில்லை. குமாரரையும் குமாரத்திகளையும் விட மேலான ஒரு பெயரும் இடமும் தம் ஆலயத்துக்குள்ளே உண்டு என்கிறார். இந்தப் பகுதி அச்சிடப்பட்ட அட்டை ஒன்றுகூட அந்த டப்பாவில் இல்லை.

(அதே டப்பாவில் ஒரு பழைய ரயில் சீட்டும் இருந்தது. ஒரு செப்டம்பரில் பாந்திரா மாதா கோயில் திருவிழாவுக்குத் தனியாகப் போய், கடையில் மெழுகால் செய்த குழந்தை உருவம் வாங்கி வைத்துவிட்டு வந்தாராம். புராட்டஸ்டண்டுப் பெண். சித்தப்பாவுக்குக்கூடத் தெரியாது. இப்போது தெரிந்துவிடும், பரவாயில்லை என்றார்.)

காத்திருப்பதில் என்ன நட்டம், நம்பிக்கையோடு இருக்கட்டுமே என்று கேட்பவர்கள் உண்டு. நட்டம் இருக்கிறது. கணக்குப் போட்டே காட்டலாம்.

இந்தியக் கிறிஸ்தவர்களுக்குத் தனிச்சட்டத்தில் தத்தெடுப்பு கிடையாது. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் நமக்குப் பொருந்தாது. 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டத்தின்படி ஒரு குழந்தைக்குப் பாதுகாவலராகலாமே தவிரப் பெற்றோராக முடியாது. இளஞ்சிறார் நீதிச் சட்டம் 2000இல் வந்து, 2006இல் திருத்தப்பட்ட பிறகே மதவேறுபாடின்றி யாரும் தத்தெடுக்கும் வழி தெளிவானது. ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்சநீதிமன்றம் 2014இல் அதை உறுதிசெய்தது. சித்தியும் சித்தப்பாவும் 2009இல் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தார்கள். “உங்க ஆளுகளுக்குத் தத்து கிடையாது, கார்டியன் மட்டும்தான்” என்று அவர் பழைய சட்டத்தையே சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டாவது கருத்தைக் கேட்டிருக்கலாம். கேட்காததற்குக் காரணம், அந்த வாரமே ஜெபக்குழுவில் ஒருவர் சொன்னது: “தத்தெடுக்கிறது கர்த்தர் நீட்டுற கையைத் தட்டிவிடுற மாதிரிம்மா. இன்னும் கொஞ்சம் காத்திருங்க.”

இப்போது 2022ஆம் ஆண்டின் தத்தெடுப்பு விதிகளைப் பாருங்கள். தம்பதியர் இருவரின் வயதையும் கூட்டுகிறார்கள். இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்குக் கூட்டுவயது 85ஐத் தாண்டக் கூடாது. நான்கு வயது வரை 90, எட்டு வயது வரை 100, அதற்கு மேல் பதினெட்டு வயது வரை 110. சித்திக்கு 48, சித்தப்பாவுக்கு 54. கூட்டினால் 102. தம்பதியருக்கு நாள்காட்டியில் ஓராண்டு போனால் இந்தக் கணக்கில் இரண்டாண்டு போகிறது. இந்த விதியை அளவுகோலாக வைத்தால், அவர்களுக்கு நாற்பதும் நாற்பத்தாறும் ஆனபோதே கைக்குழந்தைக்கான கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. எட்டு வயதைத் தாண்டிய பிள்ளையை ஏற்பது அருமையான செயல், பெரியவர்களாகிவிட்ட பிள்ளைகளைக் கேட்டு வருவோர் குறைவு என்பதும் உண்மை. ஆனால் அதற்கும் ஒரு மனஆயத்தம் வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ‘இந்த ஆண்டு உன் மடியில்’ என்று கேட்டுக்கொண்டிருந்தவருக்கு அந்த ஆயத்தத்துக்கு எங்கே இடம் இருந்தது? ‘இன்னும்’ என்ற சொல்லை இலவசமாகக் கொடுத்ததாக நாம் நினைத்துக்கொள்கிறோம். அவர்களோ பதினெட்டு ஆண்டுகளைக் கொடுத்து அதை வாங்கியிருக்கிறார்கள்.

திருமணமாகாமலேயே நாற்பதைக் கடந்த பெண்களின் நிலை இன்னும் மோசம். தாயாக வேண்டும் என்ற ஏக்கம் அவர்களுக்கு இருக்கலாம் என்பதே சபையின் கற்பனைக்கு எட்டுவதில்லை. ஜெபப் பட்டியலில் அவர்களுக்குரிய தலைப்பு ‘வரன்’. தனியாகத் தத்தெடுப்பவருக்குரிய வயது வரம்பு 40இல் தொடங்கி 55இல் முடிகிறது. இதை அவர்களிடம் எடுத்துச் சொன்ன ஒரு சபையை நான் அறியேன்.

ஆறுதலுக்காக டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையாரைச் சொல்வார்கள், கொல்கத்தாவின் அன்னை தெரசாவைச் சொல்வார்கள். பெறாமலே எத்தனை பேருக்குத் தாய் என்பார்கள். மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் ஓர் அழைப்பை ஏற்று அந்த வாழ்வைத் தேர்ந்தவர்கள். சித்தி ஒன்றையும் தேர்ந்தெடுக்கவில்லை. இழப்பை இழப்பு என்று சொல்லவிடாமலேயே அதைப் பதவியாக மாற்றிக் கையில் கொடுப்பது ஆறுதலாகாது. “ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைங்க எல்லாம் உன் பிள்ளைங்கதானே” என்று சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளைகளுக்கு வேறு அம்மாக்கள் இருக்கிறார்கள் என்பது ரோஜாவோடு வந்த சிறுவனுக்கே தெரியும்.

அந்த ரோஜாவைப் பற்றியும் ஒரு செய்தி. அன்னையர் தின ஆராதனையை 1908 மே 10 அன்று அமெரிக்காவின் கிராஃப்டன் நகர் மெதடிஸ்ட் ஆலயத்தில் நடக்கச் செய்தவர் ஆனா ஜார்விஸ். இறந்துபோன தம் தாயின் நினைவாக வெள்ளைக் கார்னேஷன் மலர்களை அங்கே அனுப்பினார். அவர் மணம் செய்துகொள்ளவில்லை, பிள்ளைகளும் இல்லை. பின்னாளில் அந்த நாள் வணிகமாகிப் போனதை எதிர்த்தே வாழ்நாளைச் செலவிட்டார். தாயை நினைக்கும் பிள்ளைகளின் நாளாகத் தொடங்கியதைத் தாய்மார்களை மட்டும் எழுந்து நிற்கச் சொல்லும் நாளாக மாற்றியவர்கள் நாம். நாம் தொடங்கிய வழியில் போனால், ஆனா ஜார்விஸும் அன்று சித்தியோடு உட்கார்ந்துதான் இருந்திருப்பார்.

நம் தென்னிந்தியச் சபை வழிபாட்டின் வேர்களில் ஒன்றான ஆங்கிலிக்கப் பொது ஜெபப் புத்தகத்தின் 1662ஆம் ஆண்டுப் பதிப்பைப் புரட்டிப் பார்த்தேன். பிரசவித்த பெண்ணுக்கான நன்றி ஆராதனை இருக்கிறது. கடலில் புயலில் சிக்கிய கப்பலுக்கும் ஜெபம் இருக்கிறது. பிள்ளைபெறும் பருவம் கடந்த பெண்ணைப் பற்றிய குறிப்பு திருமண ஆராதனையில் வருகிறது: மணப்பெண் அந்த வயதைக் கடந்தவளானால், பிள்ளைப்பேற்றுக்கான ஜெபத்தை விட்டுவிட வேண்டும் என்ற கட்டளை. அந்த ஜெபத்துக்குப் பதில் என்ன சொல்வது என்று அங்கே எழுதப்படவில்லை. 360 ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் அதை எழுதவில்லை.

கர்த்தரால் ஆகாதது உண்டோ என்று பின்னூட்டத்தில் கேட்பீர்கள், அறிவேன். நானும் விசுவாசிதான். அவருடைய வல்லமையைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. அவர் சார்பில் தேதியிட்டு உறுதிமொழி எழுதிக்கொடுக்கும் அதிகாரம் நமக்கு எப்போது வந்தது என்பதே என் கேள்வி. சூளையின் முன் நின்ற மூன்று வாலிபரும், தேவன் விடுவிக்க வல்லவர் என்றதோடு நிறுத்தவில்லை. விடுவிக்காமற்போனாலும் சிலையை வணங்கமாட்டோம் என்று சேர்த்தே சொன்னார்கள். அவர்கள் வெளியே வந்ததைப் பிரசங்கிக்கிறோம், அந்த ‘போனாலும்’ என்ற உம்மையை விட்டுவிடுகிறோம். பவுல் தன் முள்ளுக்காக மூன்றுமுறை கேட்டும் அது நீக்கப்படவில்லை. கெத்செமனேயில் கேட்டவருக்கும் பாத்திரம் நீங்கவில்லை. ‘இல்லை’ என்ற விடை கிறிஸ்தவத்தின் நடுமையத்திலேயே இருக்கும்போது, ஒரு நாற்பத்தெட்டு வயதுப் பெண்ணிடம் மட்டும் அதை விசுவாசக் குறைவு என்று எப்படிச் சொல்ல முடியும்?

இதை வாசிக்கும் போதகர்கள் சிலர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறீர்கள். அடுத்த அன்னையர் தினத்தில் யாரையும் எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள். பூ கொடுப்பதென்றால் வாசலில் எல்லாருக்கும் கொடுங்கள். ஜெபப் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கும் முன் அவரிடம் கேட்பதைப் போலவே, ஆண்டுக்கொரு முறை தனியே அழைத்து, தொடரட்டுமா என்றும் கேளுங்கள். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் காரணம் கேட்காதீர்கள். பிள்ளையில்லாமலே முடிந்த காத்திருப்பைப் பற்றி ஒரு பெண் பேச விரும்பினால் ஒலிபெருக்கியை அவர் கையிலும் கொடுங்கள், கடைசியில் ‘ஆனாலும் கர்த்தர் கொடுப்பார்’ என்று நீங்கள் சேர்க்காமல்.

இப்பதிவை நேற்றிரவு சித்திக்கு வாசித்துக் காட்டினேன். தலையசைத்த அந்த மூத்தவரை ஒன்றும் சொல்லிவிடாதே, அவர் பாவம், தனக்காக எத்தனையோ நாள் உபவாசம் இருந்தவர் என்றார். பிறகு மேசையிழுப்பறையிலிருந்து காகிதமெடுத்து, தன் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கும்படி போதகருக்கு நான்கு வரி எழுதினார். எழுதியதை என்னிடம் காட்டவில்லை. ஞாயிறு காலை கொடுப்பதா, புதன் ஜெபக்கூட்டத்திலேயே கொடுத்துவிடுவதா என்று சித்தப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.